பதிவு அனுப்பி ஆடிஷன்: செல்லோவோடு ஒரு மழைக்காலம்

கிட்டத்தட்ட 65,000 ரூபாய் செலவாயிற்று, ஒரு முழு வடகிழக்குப் பருவமழையும் அதோடு போயிற்று. வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று, தன்னோடு ஒரு கன்சர்ட்டோவை (ஒரு வாத்தியம் தனியாக முன்னே நிற்க, ஆர்க்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் நீண்ட படைப்பு) வாசிக்க இளம் கலைஞர்களிடமிருந்து விண்ணப்பம் கேட்டிருந்தது. முதல் சுற்றுக்கு வீடியோ பதிவு அனுப்ப வேண்டும். அதில் தேறினால்தான் நேரில் கூப்பிடுவார்கள். நான் தக்கலைப் பக்கம். சர்ச் கொயரில் வயலினில் தொடங்கி, சென்னையில் செல்லோ (உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) படித்து, இப்போது நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். இந்த வேலையில் இறங்கியபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் சினிமா ரெக்கார்டிங்கில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு இது சம்பந்தமில்லாத சமாச்சாரம். ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் வரிசையில் உட்கார்ந்து வாசிக்கும் வேலைக்குப் பதிவு அனுப்புவது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனியாக உட்காரப் போகிறவருக்கு அதில் பாதிகூட உதவாது. அதனால் பட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரிலிருந்து இன்னொரு பிள்ளை முயலும்போது கொஞ்சம் பணமாவது மிஞ்சட்டும்.

முதலில் விதிகள். இரண்டு பக்கம்தான் இருந்தது, ஆனால் வரிக்கு வரி காசு. கன்சர்ட்டோவின் முதல் பகுதி முழுவதும், பியானோ துணையோடு, நோட்டுப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். கூடவே, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய, துணையில்லாமல் வாசிக்கும் ஒரு படைப்பு. ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் எடுத்த பதிவாக இருக்க வேண்டும், நடுவில் வெட்டு ஒட்டு எதுவும் கூடாது. முகம், இரண்டு கை, வில் எல்லாம் எப்போதும் படத்தில் தெரிய வேண்டும். ஒலியில் எந்தத் திருத்தமும் கூடாது. இதில் சொல்லாமல் விட்டதுதான் அதிகம். பியானோ மட்டும் வாசிக்கும் இடங்களைச் சுருக்கலாமா? ஒலியைத் தனிக் கருவியில் பதிந்து படத்தோடு சேர்த்தால் அது திருத்தமா? கன்சர்ட்டோவுக்கும் பாக்குக்கும் நடுவில் கேமராவை நிறுத்தலாமா? பியானோவுக்குப் பதில் டிஜிட்டல் பியானோ ஆகுமா? இவற்றை ஒரே மின்னஞ்சலில் எண் போட்டுக் கேட்டேன். சில நாளில் பொறுமையாகப் பதில் வந்தது, கேட்ட எல்லாவற்றையும் செய்யலாம் என்று. கேட்கத் தயங்காதீர்கள். அந்தப் பதிலைப் பத்திரமாகவும் வையுங்கள், பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அதுதான் சாட்சி.

நான் எடுத்துக்கொண்டது ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் சி மேஜர் கன்சர்ட்டோ. 1760-களின் முற்பகுதியில் எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தின் அரண்மனைக் குழுவில் இருந்த யோசப் வைகல் என்ற செல்லோ கலைஞருக்காக ஹைடன் எழுதியது. ஏறக்குறைய இருநூறு வருடம் காணாமல் போய், 1961-ல் பிராக் நகரத்து அருங்காட்சியகத்தில் பிரதி கிடைத்தது. இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கதை காரணமில்லை. தந்தி வாத்தியங்கள், அவற்றோடு ஊதுகிற வாத்தியங்களில் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், அவ்வளவுதான் ஆர்க்கெஸ்ட்ரா. அதனால் பியானோவுக்குச் சுருக்கினாலும் இசை செத்துப்போகாது. செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக்கின் கன்சர்ட்டோவைப் பியானோவில் கேட்டால், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் கனம் முழுவதும் ஒரு மனுஷியின் பத்து விரலில் தொங்குவது தெரியும். இன்னொரு காரணம், கடென்சாவை, அதாவது ஆர்க்கெஸ்ட்ரா நின்றுவிட செல்லோ மட்டும் வாசிக்கும் இடத்தை, வாசிப்பவர் இஷ்டத்துக்கு விட்டிருப்பது. ஒரு யோசனை சொல்கிறேன், பதிவுக்கு நீளமான கடென்சா வேண்டாம். தேர்வாளர்கள் நாள் முழுக்க இதே ஹைடனைக் கேட்கிறவர்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற, ஸ்வரம் சுத்தமாக விழுகிற கடென்சா போதும்.

அப்புறம் வாத்தியம். ஐப்பசி பிறந்ததும் இங்கே காற்றில் ஈரம் ஏறுகிறது. செல்லோவின் மரம் அதைக் குடித்து மேல்பலகை கொஞ்சம் உப்பும், தந்திகளைத் தாங்கும் குதிரை அதோடு எழும்பும், தந்தி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சுருதி கூட்டத் திருகும் பிரடைகள் ஊதிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இதற்கு மேல் ஒன்று நடந்தது. மேலிருந்து ஏ, டி, ஜி, சி என்ற நான்கு தந்தியில் ஆகக் கீழான சி தந்தியில் ஒரு சத்தம், டப்பாவுக்குள் வண்டு அகப்பட்ட மாதிரி. விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தேன். கீழ்ப்பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஒலி பொக்காக இருந்தது, பசை விட்டிருந்தது. தெரிந்த ஆசாரி ஒருவர் ஃபெவிகால் வைத்து ஒரு நாளில் ஒட்டித் தருவதாகச் சொன்னார். நல்ல மனுஷன்தான், ஆனால் அதைச் செய்யவே கூடாது. இந்த வாத்தியங்களை விலங்குப் பசையால்தான் ஒட்டுவார்கள். மரம் சுருங்கி விரியும்போது பலகை வெடிக்காமல் பசை விட்டுக்கொடுக்க வேண்டும், பின்னால் பழுது பார்க்கத் திறக்கவும் முடிய வேண்டும். திருவனந்தபுரத்தில் வயலின் பழுது பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். 2,500 ரூபாயும் ஒரு வாரமும். அந்த வாரம் முழுக்கக் கையில் செல்லோ இல்லை. மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே இதைச் சோதித்துவிடுவது நல்லது. புதுத் தந்தியும் அப்போதே போட்டுவிடுங்கள். ஏ, டி இரண்டு தந்திக்கு மட்டும் எனக்கு 14,000 ஆயிற்று. புதுத் தந்தி முதல் சில நாள் தகரச் சத்தம் போடும், சுருதியும் நிற்காது. இரண்டு வாரமாவது வாசித்துப் பழக்கிய பிறகுதான் பதிவுக்கு உதவும்.

வீட்டில் பதியலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நம்ம வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. கைதட்டினால் திரும்பிக் கேட்கும். மெத்தை, போர்வை, அம்மாவின் கம்பளி எல்லாவற்றையும் சுவரோரம் நிறுத்திப் பார்த்தேன். எதிரொலி போனது, கூடவே செல்லோவின் உயிரும் போனது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்வையில் விரல் வழுக்குகிறது. ஓடவிட்டால் மென்மையான இடங்களில் அது மட்டும்தான் கேட்கிறது. இத்தனைக்கும் மேலே ஒலிபெருக்கி. விண்ணப்பக் கடைசித் தேதி டிசம்பர் முதல் வாரம். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடிகிறது, அதற்கு முந்தைய நாட்களில் நாகர்கோவில் பக்கம் அமைதியை எதிர்பார்க்கவே கூடாது. கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பன் பாட்டும் உண்டு. எனக்கு இரண்டும் பிடிக்கும், ஹைடனுக்கு நடுவில் வராதவரை.

சரி, ஸ்டுடியோவில் எடுத்துவிடலாம் என்று மாவட்டத்திலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். பக்திப் பாட்டு ஆல்பங்கள் எடுக்கிற இடம். அறை சின்னது, சுவர் முழுக்கப் பஞ்சு. வாசிக்கும்போது என் ஒலி எனக்கே திரும்பி வரவில்லை. பெரிய கூடத்தின் கடைசி வரிசைக்குப் போகிற ஒலியை, எதுவுமே திரும்பி வராத அறையில் எப்படித் தேடுவது? கை தானாகவே வில்லை அழுத்த ஆரம்பித்தது, ஒலி கரகரத்தது. அங்கிருந்த அண்ணன் காதில் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) போட்டுத் தரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பதிவை அனுப்பினார். கேட்டுக்கொண்டே வந்தபோது கட்டைவிரலையும் தந்தி மேல் வைத்து உயரமாக ஏறும் ஓர் இடம், நான் வாசித்ததைவிட நன்றாக இருந்தது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். படத்தில் வில் மேலே போகிறது, ஒலியிலோ கீழ்வில்லின் அழுத்தம். வேறு டேக்கிலிருந்து அந்த ஒரு பாரை (ஒரு தாளக் கட்டத்தை) எடுத்து ஒட்டியிருக்கிறார். போன் செய்தேன். "அந்த ஒரு ஸ்வரம் கொஞ்சம் ஏறிக் கெடந்துது மக்கா, அதான் நைசா சரியாக்கிட்டேன்" என்றார். அவருடைய தொழிலில் அதுதான் அக்கறை. எனக்கோ அது தகுதிநீக்கம். தேர்வாளர்களும் வாசிக்கிறவர்கள்தான், வில்லின் திசை அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. 7,000 ரூபாய் போனது போனதுதான். ஸ்டுடியோவுக்குத்தான் போகிறீர்கள் என்றால், மூலப் பதிவை அன்றே, தொடாமல், உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளும் வேண்டாம். அது விசிறிச் சத்தத்தோடு வில் தந்தியில் பிடிக்கிற அந்த முதல் உரசலையும் துடைத்துவிடும், செல்லோ கீபோர்டு மாதிரி ஆகிவிடும்.

இப்போது பியானோவுக்கு வருகிறேன். இந்த அனுபவத்தில் பாதி இதுதான். மாவட்டத்தில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, ஞானப்பாட்டு எந்தச் சுருதியில் கேட்டாலும் வாசிப்பார்கள். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவின் முழு நோட்டைச் சுருக்கி எழுதிய பியானோ பகுதி தனி வித்தை. அதில் எல்லா ஸ்வரத்தையும் வாசிக்க முடியாது. எதை விட்டால் இசை கெடாது என்று தெரிந்தவர் வேண்டும். கேட்டுக் கேட்டுக் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஓர் அக்கா கிடைத்தார். ஒத்திகைக்கு ஒருமுறைக்கு 1,500, பதிவு நாளுக்கு 6,000. தக்கலையிலிருந்து செல்லோவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டிப் போய்ச் சேருவதற்குள் பாதி தெம்பு போய்விடும். கண்டக்டர் சில நாள் செல்லோவுக்கும் டிக்கெட் கேட்பார். அதனால் ஒத்திகையைக் குறைத்துக்கொண்டேன். மீதி நாள் அக்கா அனுப்பிய பியானோ பதிவை ஹெட்போனில் போட்டு வீட்டில் பயிற்சி செய்தேன். மலிவு, வசதி, ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. பதிவு நமக்காக நிற்காது, நாம்தான் அதற்கு ஒத்துப்போவோம். பல நாள் அப்படியே பழகினால் உடம்பு பின்தொடரக் கற்றுக்கொள்கிறது. தனி வாசிப்பவர் செய்ய வேண்டியதற்கு நேர் எதிரான பழக்கம் இது. ஒத்திகைக் காசை மிச்சம் பிடிப்பதற்குப் பதில் ஸ்டுடியோக் காசை மிச்சம் பிடியுங்கள்.

சுருதி விஷயத்தில் அக்கா சொல்லிக்கொடுத்த ஒன்றை எனக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. ஏ தந்தியைப் பியானோவோடு சேர்த்துவிட்டு, மற்றவற்றை ஐந்தாம் இடைவெளிகளாக (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்) காதுக்குச் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே கீழே இறங்குவோம் இல்லையா, அதில் ஒவ்வொரு படிக்கும் பியானோவைவிட இரண்டு சென்ட் அளவு கீழே போகும். ஓர் அரைச்சுரத்துக்கு நூறு சென்ட். மூன்று படி இறங்கி சி-க்கு வரும்போது ஆறு சென்ட் குறைவு. வேறு இசையில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஹைடனில் செல்லோவின் முதல் நுழைவே சி-யை அடியில் வைத்த முழுக் கூட்டுச்சுரம், பியானோவும் அதே சி-யில் நிற்கிறது. அந்த ஒரு நொடியில் ஏதோ புளிப்புத் தட்டும், ஏன் என்று தேர்வாளர் யோசிக்கக்கூட மாட்டார், மனதில் கழித்துக்கொள்வார். ஆகவே சி-யை நேராகப் பியானோவின் சி-யோடு வைத்துச் சேருங்கள், ஜி-யையும் ஒரு நூல் ஏற்றுங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் அதன் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா, யாராவது 442-க்கு மாற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே பாருங்கள்.

இடம் கடைசியில் குலசேகரம் பக்கம் கிடைத்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் சின்னக் கிறிஸ்தவக் கோவில், ஓட்டுக்கூரை, மரக் கைமரங்கள், காரைச் சுவர். ஒலி கொஞ்சம் சுற்றிவிட்டு அடங்கும். பங்குத்தந்தை மறுப்புச் சொல்லவில்லை, காணிக்கையாக 2,000 கொடுத்தேன். கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, நான் செல்லோப் பெட்டியைத் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது வயலினுக்க அம்மையா மக்களே?" என்று கேட்டார். இந்த மாதிரி இடத்தில் எந்த நேரம் அமைதி என்பதை முதல் நாளே போய் உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். விடியற்காலை என்று நாம் நினைப்போம், ஆனால் ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பைக் அப்போதுதான் போகும். சாயங்காலம் சில்வண்டு காதை அடைக்கும். மத்தியானத்துக்கு மேல் மழை. காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் ஒரு வழி கிடைத்தது. மின்வாரியத்தின் மாதப் பராமரிப்புத் தடை அன்று இருக்கிறதா என்று பேப்பரில் பாருங்கள். எனக்கு ஒரு நாள் அப்படியே போனது. வாடகை டிஜிட்டல் பியானோ, அதை ஏற்றிவந்த வண்டி, அக்காவின் பாதி நாள், எல்லாம் கரண்ட் இல்லாமல் சும்மா நின்றன. இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தோம், ஸ்பீக்கரில் இரைச்சல். பாக்கை மட்டும் அன்று எடுத்தேன், அதற்குக் கரண்ட் வேண்டாமே.

மைக் பற்றி நிறைய பேர் கேட்பார்கள். நான் சொல்வது கொஞ்சம்தான். மொபைலின் மைக் பலத்த ஒலியைத் தானாக அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும். நீங்கள் மெனக்கெட்டு உண்டாக்கிய ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். அதனால் 9,500 கொடுத்து ஒரு கையடக்க ரெக்கார்டர் வாங்கினேன், தானியங்கி அளவை அணைத்து வைத்தேன். செல்லோவிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, உட்கார்ந்தவர் தலைக்குச் சற்று மேலே, குதிரையைப் பார்த்தபடி வைத்தேன். மேல்பலகையில் இருக்கிற எஃப் வடிவத் துளையைப் பார்த்து வைத்தால் அடித்தொண்டை மட்டும் பெரிதாகக் கேட்கும். உச்சச் சத்தம் மைனஸ் பத்து டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். கேமரா ஓட ஆரம்பித்ததும் ஒரு கைதட்டு, பின்னால் படத்தையும் ஒலியையும் சேர்க்க அதுதான் அடையாளம். பிறகு சாதாரண லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தேன். சி தந்தியின் அடிப்படை அதிர்வு 65 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. மேலே எழும் துணை ஒலிகள்தான் கேட்கின்றன. கீழ் ஸ்வரங்களை வில்லால் தெளிவாகத் தொடங்காவிட்டால் லேப்டாப்பில் கேட்கும் தேர்வாளருக்கு அந்த வரியே இல்லாதது போலத்தான்.

சின்ன விஷயங்களும் பாடாய்ப் படுத்தும். கோவிலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சரிகிறது, அசைந்தால் முனகுகிறது. வீட்டிலிருந்து மரமுக்காலி கொண்டுபோனேன். செல்லோவின் அடியில் இருக்கிற முள் மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். பெல்ட்டை முக்காலியின் காலில் மாட்டி அதன் துளையில் முள்ளைக் குத்தினேன், கீழே ஒரு கயிற்று மிதியடி. பட்டுச் சேலை கட்டலாம் என்று அம்மாவுக்கு ஆசை. கட்டிப் பார்த்தேன். ஜரிகை வார்னிஷில் உரசுகிறது, வில் திரும்பும்போதெல்லாம் சரசரப்பு மைக்கில் விழுகிறது, முழங்கால்களுக்கு நடுவில் செல்லோ வழுக்குகிறது. கடைசியில் அகலமான பருத்திப் பாவாடையும் முழுக்கை மேல்சட்டையும். கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள்.

பதிவு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே டேக்கில் ஒன்பது நிமிஷம் என்பது கச்சேரியைவிடக் கொடுமை. கச்சேரியில் தவறினால் கடந்து போவோம். இங்கே ஆறாவது நிமிஷத்தில் ஒரு ஸ்வரம் சறுக்கியதும் மனது "நிறுத்து, முதலிலிருந்து" என்கிறது. நிறுத்த நிறுத்தக் கடைசிப் பக்கத்தைக் களைத்த கையோடு மட்டுமே வாசிப்போம். அக்கா கறாராகச் சொல்லிவிட்டார், சறுக்கினாலும் முடிவுவரை போக வேண்டும், ஒரு டேக் முடிந்தால் பத்து நிமிஷம் செல்லோவைத் தொடக்கூடாது. வெளியே போய்க் கட்டன் சாயா குடித்துவிட்டு வருவோம். ஒரு நல்ல டேக், கடென்சா முடிந்து கடைசி வரிகளுக்கு வந்துவிட்டோம், ஒரு மயில் அகவியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இடி முழங்க ஆரம்பித்ததும் கோயில்பிள்ளை வாசலில் வந்து நின்று வானத்தைக் காட்டினார். அதற்கு முன்னால் எடுத்ததில் ஒன்றைத்தான் அனுப்பினேன். அதில் இரண்டு இடத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஓட்டமாக இருந்தது. சுத்தமான ஆனால் பயந்துபோன டேக் ஒன்றும் கையில் இருந்தது. எதை அனுப்புவது என்று இரவெல்லாம் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

அனுப்புவதிலும் பொறி இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 60 யூரோ, வங்கிக் கமிஷனெல்லாம் சேர்த்து 5,800 பக்கம் வந்தது. நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை 2020-லிருந்து இயல்பாகவே அணைக்கப்பட்டுத்தான் வருகிறது, வங்கிச் செயலியில் போய் நாம்தான் திறக்க வேண்டும். கடைசி ராத்திரியில் இது தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வீடியோ ஒரு ஜிபிக்கு மேல். மழையில் எங்கள் தெருவின் ஃபைபர் அறுந்து கிடந்தது, நாகர்கோவிலில் சிநேகிதி வீட்டுக்குப் போய் ஏற்றினேன். யூடியூபில் பட்டியலிடாதது என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். தனிப்பட்டது என்று வைத்தால் தேர்வாளர்களால் திறக்கவே முடியாது. இணைப்பை வேறொருவர் போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். கடைசி நேரம் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு 11.59. குளிர்காலத்தில் அது நமக்கு மறுநாள் அதிகாலை 4.29, கோடையில் ஒரு மணி நேரம் முந்தும்.

ஜனவரி கடைசியில் பதில் வந்தது. தேர்வாகவில்லை. அன்றைக்கு வகுப்பு எடுக்கப் போகவில்லை, பிள்ளைகளின் அம்மாக்களிடம் காய்ச்சல் என்று சொன்னேன். ஒரு வாரம் கழித்து, கருத்து ஏதாவது சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டு எழுதினேன். எல்லா இடத்திலும் பதில் வராது, இங்கே வந்தது. ஒலி நன்றாக இருக்கிறது, பாக் பிடித்தது, ஆனால் கன்சர்ட்டோவில் பியானோ கொண்டுவந்த வேகத்துக்குள் நான் நுழைகிறேனே தவிர வேகத்தை நான் கொடுக்கவில்லை, முழு ஆர்க்கெஸ்ட்ராவை இழுத்துக்கொண்டு போவாரா என்பது தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மைக் பற்றி, படம் பற்றி, அந்த இரண்டு இறங்கிய ஸ்வரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதிவை மறுபடி போட்டுப் பார்த்தேன். பியானோ தனியாக வாசித்து முடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் நான் அரை நொடி அக்காவின் கையைப் பார்க்கிறேன். மூச்சு எடுத்து நுழைவைக் காட்ட வேண்டியவள் நான். ஹெட்போன் பயிற்சி அப்படியே முகத்தில் தெரிகிறது.

கணக்குப் போட்டால் தந்தி 14,000, பழுது 2,500, ஸ்டுடியோ 7,000, ஒத்திகைகள் 9,000, பதிவு நாளுக்கு அக்காவுக்கு 6,000, பியானோ வாடகையும் வண்டியும் 3,500, ரெக்கார்டர் 9,500, கட்டணம் 5,800, கோவிலுக்கு 2,000. பாக்கி பஸ், ஆட்டோ, சாப்பாடு. நான் எடுக்காமல் விட்ட வகுப்புகளின் பணம் இதில் இல்லை. இனி செய்தால் ஸ்டுடியோ 7,000-த்தை அப்படியே ஒத்திகைக்கு மாற்றுவேன். ரெக்கார்டர் இருக்கிறது, தந்தி இன்னும் ஒரு வருஷம் ஓடும், கோவில் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்ததற்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் ஏ மைனர் கன்சர்ட்டோவை எடுத்திருக்கிறேன், 1872-ல் எழுதியது. ஆர்க்கெஸ்ட்ரா ஒரே ஒரு அடி அடிக்கும், உடனே செல்லோ பாய்ந்து இறங்கும். ஹைடனைப் போல நீண்ட முன்னுரைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் வரியிலேயே வேகம் யாருடையது என்பது தெரிந்துவிடும். அக்காவிடம் மாதம் இரண்டு ஒத்திகை வீதம் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. இந்த முறை அவர் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், பியானோ பதிவு எதையும் போனில் அனுப்ப மாட்டாராம்.